ரெட்டைத் துளை

பதினேழு பக்க ஒப்பந்தத்தில் வெயிலுமுத்துவுக்குப் பிடித்த பக்கம் ஒன்றுகூட இல்லை. முதல் பக்கத்தில் தன் பெயரை இங்கிலீஷில் பார்த்ததுமே எழுத்துகளை விரல் வைத்து எண்ணினார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு விட்டிருந்த கோடு ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தது. இத்தனை இடம் எதற்கு, பின்னால் வேறு ஏதாவது எழுதிச் சேர்க்கவா என்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால் இருந்தது கோலி என்கிற அவருடைய சின்ன வீடு. கீழே ஒற்றை அறையில் குடும்பம். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே மாளா என்கிற தாழ்ந்த மாடியில் ஆறு தையல் மெஷின்கள். தோல் பை தைக்கிற தொழில். இருபத்தெட்டு வருஷமாக அந்த ஏணியில் ஏறி இறங்கி அவருடைய முழங்கால் தேய்ந்துவிட்டது. இப்போது அந்தச் சந்து முழுவதையும் காலி செய்யப்போகிறார்கள், ஜூன் கடைசிக்குள் கோலியை விட வேண்டும் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

போக இடம் இல்லாமல் இல்லை. மாரீஸ்வரி சீட்டுப் பிடித்துச் சேர்த்து, பன்வேல் தாண்டி ஒரு மலைச் சரிவில் ரெண்டு குண்டா, அதாவது ஐந்து சென்ட் நிலம் வாங்கிப் போட்டிருந்தாள். அதில் மழைக்கு முன்னால் ஒரு வீடு நிற்க வேண்டும். நின்றால் ஆறு மெஷினும் ஓடும். நிற்காவிட்டால் மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு, நெருளில் கட்டிக்கொடுத்த மகள் விஜயராணி வீட்டு ஹாலில் போய் மருமகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

மழைக்கு ஐந்தே மாதம். செங்கல் வைத்துக் கட்டினால் முடியாது. அப்போதுதான் மாரீஸ்வரி அம்மாரைப் பிடித்தாள்.

அம்மார் வேற்று ஆள் இல்லை. ஜெயினுலாப்தீன் பாயின் மகன். பாய் தாராவியில் சாயப் பட்டறை வைத்திருந்தவர். பதினெட்டு வருஷம் வெயிலுமுத்துவின் தோலுக்கெல்லாம் அங்கேதான் சாயம் ஏறியது. பட்டறையை மூடியபிறகு மகன் குர்லாவில் ஒரு ஷெட் போட்டு, சைட் ஆபீஸுக்கும் வாட்ச்மேனுக்கும் ரெடிமேட் கேபின் செய்து விற்றான். திலக் நகரில் அவன் போட்ட கேபின் ஒன்றை மாரீஸ்வரி பார்த்திருந்தாள். இப்போது வீடும் செய்கிறான். நிலவறை வைத்த வீடு மட்டும் இதுதான் முதல்.

ஒப்பந்தம் வந்த அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை அம்மார் தோல் வெட்டுகிற மேஜையில் படத்தை விரித்து விளக்கினான். ரெண்டு தகடு, நடுவில் நாலு விரல் தடிமனுக்கு ஃபோம். அப்படிச் சுவரை குர்லாவிலேயே செய்து, டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து, போல்ட் போட்டு முடுக்கினால் ஒன்பது நாளில் வீடு.

வெயிலுமுத்து மேஜைக்கு அடியிலிருந்து பாதி தைத்த ஒரு பையை எடுத்து அவன் முன்னால் போட்டார்.

"நானும் வெளிய ஒரு தோலு, உள்ள ஒரு துணி, நடுவுல ஃபோமு வச்சுத்தான் தைக்கேன். நீ கட்டப்போறது வீடா, ஹேண்ட்பேக்கா?"

"ஹேண்ட்பேக்குதான் மாமா," என்றான் அம்மார். "ஜிப்பு மட்டும் கெடையாது."

மாரீஸ்வரி மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். வெயிலுமுத்து சிரிக்கவில்லை. பேச்சில் கெட்டிக்காரன் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார். கெட்டிக்காரன் என்பது அவர் அகராதியில் நல்ல வார்த்தை இல்லை.

அடுத்து வந்தது பேஸ்மெண்ட். நிலம் சரிவாகக் கிடப்பதால் மண் கொட்டிச் சமன்படுத்துவதைவிட, மேட்டைக் குடைந்து கீழே ஒரு பெரிய அறை எடுப்பது மேல் என்றான் அம்மார். மூன்று பக்கம் மண்ணுக்குள் இருக்கும், பள்ளத்துப் பக்கம் வாசல் வரும். கான்கிரீட் பலகைகளை நிறுத்தி இணைத்து, வெளிப்புறம் முழுக்க கறுப்பு ரப்பர் ஷீட் ஒட்டி மண் தள்ளிவிடுவார்கள். மெஷின் சத்தம் மேலே வராது, வெயிலும் இறங்காது.

வெயிலுமுத்து தாராவியில் பார்த்ததெல்லாம் மேலே போகிற வீடுகள்தான். கோலி, அதன்மேல் மாளா, அதன்மேல் இன்னொரு மாளா. கீழே போன ஆளை அவர் பார்த்ததில்லை. இங்கே ரெண்டடி தோண்டினால் கறுப்புத் தண்ணீர் ஊறும்.

"தண்ணி வந்தா?"

"வராது மாமா."

"வந்தா?"

"வந்தா நான் தோண்டிச் சரிபண்ணித் தாரேன்."

"எழுது."

விஜயராணி ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் சொல்லத்தான் நெருளிலிருந்து வந்திருந்தாள். பதினொன்றாவது பிரிவுக்குக் கீழே அவளே எழுதினாள். நிலவறையில் பத்து வருஷத்துக்குள் தண்ணீர் கசிந்தால் கட்டுபவர் தன் செலவில் மண்ணைத் தோண்டி, முழுவதும் சரிசெய்து தர வேண்டும். அம்மார் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் அதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். அவன் ஏணியில் இறங்கிப் போனதும் வெயிலுமுத்து மனைவியிடம் திரும்பினார்.

"பாத்தியாட்டி, ஒடனே ஒத்துக்கிட்டான். மடியில கனம் இல்லாதவன் ரெண்டு வார்த்தை பேரம் பேசுவாம்லா?"

"பேசியிருந்தா, ஏன் பேசுதாம்னு கேப்பிய," என்றாள் மாரீஸ்வரி, ஜிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒப்பந்தம் முடிந்ததும் வெயிலுமுத்துவுக்கு ஒரு புதுத் தொழில் சேர்ந்தது. வாரம் ஒருமுறை சொல்லாமல் குர்லாவுக்குப் போவது. சயான் வரை நடந்து, அங்கிருந்து லோக்கல் பிடித்து, ஸ்டேஷனில் இறங்கி, பழைய இரும்புக் கடைகளுக்கு நடுவே இருந்த ஷெட்டுக்குள் பூனை மாதிரி நுழைவார். ஒருதடவை காந்தம் கொண்டுபோய்ச் சட்டங்களில் ஒட்டிப் பார்த்தார். ஒருதடவை ஒரு போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, தாராவியில் இரும்புக்கடைக்காரரிடம் காட்டி, சரக்கு பக்கா என்று அவர் சொன்ன பிறகும் நம்பாமல் இன்னொரு கடையில் காட்டினார். சுவர்ப் பலகைகளைக் காதை வைத்துத் தட்டினார். ஷெட்டில் வேலை செய்தவர்கள் அவர் தலையைக் கண்டதும், டாக்டர் வந்துவிட்டார் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்கள். அம்மார் மட்டும் ஒவ்வொரு தடவையும் டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீயும் அவருக்கு உறுத்தியது.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ரப்பர் ஷீட் வந்திருந்தது. மூன்று ரோல். வெயிலுமுத்து ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார், மோந்து பார்த்தார், ஒரு நூல் அகலம் கீறித் தீக்குச்சியில் காட்டினார். வாழ்நாளெல்லாம் தோலும் ரெக்சினும் தொட்ட கை. சரக்கு முதல்தரம் என்று கை சொல்லிவிட்டது.

சரக்கு முதல்தரம் என்றால் நிம்மதியாகத் திரும்பி வருபவன் வேறு ஆள். வெயிலுமுத்துவுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. கண்ணில் காட்டுவது இது. சைட்டுக்கு வருவதும் இதுவேதானா?

தோல் தொழிலில் இதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. சாயத்துக்கு அனுப்புகிற ஒவ்வொரு தோலிலும் நாலு விரற்கடை உள்ளே தள்ளி, ஒட்டினாற்போல் இரண்டு சின்னத் துளை போட்டு அனுப்புவார். உளுந்து அளவு துளைகள். ஓரத்தில் போட்டால் நறுக்கிவிடுவார்கள் என்பதால் உள்ளே. தோல் திரும்பி வந்ததும் முதலில் துளையைத் தடவிப் பார்ப்பார். இருந்தால் தன் தோல். இதை அவர் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. துளைபோடுகிற பஞ்ச் எப்போதும் சட்டைப் பையில் பேனா மாதிரி நிற்கும்.

பகல் பன்னிரண்டரை இருக்கும். வேலையாட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அம்மார் கைகால் கழுவிக்கொண்டு வந்தான்.

"மாமா, ஜும்ஆ தொழுதுட்டு வந்துருதேன். அதுவரைக்கும் ஷெட்டைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

"போயிட்டு வா," என்றார் வெயிலுமுத்து.

அவன் தலை மறைந்ததும் பஞ்ச் வெளியே வந்தது. மூலையில் கிடந்த சுத்தியலை எடுத்து, மூன்று ரோலிலும் வெளிச்சுற்றில், நாலு விரற்கடை உள்ளே, ரெண்டு ரெண்டு துளை போட்டார். பஞ்ச் சுகமாக இறங்கியது. உள்ளேயிருந்து வந்த கறுப்பு வில்லைகளை ஊதித் தள்ளிவிட்டு, சுத்தியலை இருந்த இடத்திலேயே வைத்தார். அம்மார் திரும்பி வந்தபோது மாமா ஸ்டூலில் உட்கார்ந்து ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் நிலத்தில் வேலை தொடங்கியது. வெயில் மண்டையைப் பிளந்தது. வெயிலுமுத்து தைக்கிற வேலையை மாரீஸ்வரியிடம் விட்டுவிட்டு, தினமும் முதல் பஸ்ஸில் போய் ஒரு குடையின் கீழே உட்கார்ந்துகொள்வார். மாரீஸ்வரி இரண்டு நாளைக்கு ஒருமுறை புளிச்சோறும் கருவாட்டுக் குழம்பும் தூக்கிக்கொண்டு வருவாள். ஷீட் ஒட்டுகிறவன் கேஷவ் என்கிற உள்ளூர் மராத்திக்காரன். கருவாட்டு வாசனை வந்ததும் பசையும் கையுமாகவே மேலே ஏறி வந்துவிடுவான். காரம் தாங்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். மாரீஸ்வரிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அவன் பெண்டாட்டிக்கு இது ஆறாவது மாதம் என்பது வரைக்கும் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள்.

ஷீட் ரோல்கள் டெம்போவில் வந்து இறங்கிய அன்றைக்கு வெயிலுமுத்து முதல் ஆளாகப் போய்த் தடவினார். ரெண்டு துளை. அடுத்ததிலும் ரெண்டு. மூன்றாவதிலும் ரெண்டு. மாற்றவில்லை. நாலு மாதத்தில் முதல்முறையாக அவர் மனசு ஆறியது. அன்றைக்கு மட்டும் குடைக்கு வெளியே வந்து, கேஷவ் ஷீட்டை மேலிருந்து கீழாக நாமம் மாதிரி பட்டை பட்டையாக ஒட்டுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்புப் பசைமேல் கறுப்பு ஷீட், மேலே மே மாத வெயில். துளை எதுவும் யார் கண்ணிலும் படவில்லை. மண் தள்ளுவதற்கு முன்னால் அம்மார் அவரைக் கூப்பிட்டு, ஒருதடவை சுற்றிப் பார்த்துவிடுங்கள் மாமா என்றான். பார்த்தார். திருப்தி என்றார்.

சொன்னபடி ஒன்பது நாளில் மேலே வீடு எழும்பியது. ஜூன் முதல் வாரம் பால் காய்ச்சினார்கள். ஆறு மெஷினும் கீழே இறங்கி வரிசையாக உட்கார்ந்தன. முதல்முறையாக மாரீஸ்வரி தலையை இடிக்காமல் எழுந்து நின்று தைத்த பையை உதறினாள்.

பதினோராம் தேதி மழை பிடித்தது. மும்பை மழை விழுகிற மாதிரி அங்கே விழவில்லை. மலையிலிருந்து உருண்டு வந்தது. மூன்றாம் நாள் காலையில் மாரீஸ்வரி கீழே இறங்கியவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். மேட்டுப் பக்கச் சுவரில், இரண்டு பலகை சேருகிற இடத்தில், மேலிருந்து கீழே ஒரு ஈரக்கோடு. தரையில் பாய் அகலத்துக்குத் தண்ணீர். ஜிப் கட்டுகள் வைத்திருந்த அட்டைப்பெட்டி அடியில் ஊறிப் பிய்ந்து கிடந்தது.

வெயிலுமுத்து அந்த ஈரக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நியாயமாக அவருக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது ஒரு சந்தோஷம். ஜனவரியிலிருந்து தனியாகச் சுமந்ததை எல்லார் முன்னாலும் இறக்கிவைக்க ஒரு இடம் கிடைத்துவிட்டது.

"நான் சொன்னேம்லா," என்றார்.

விஜயராணிக்கு ஃபோன் போட்டார். பதினொன்றாவது பிரிவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஊரில் இருக்கிற மச்சானுக்குப் போட்டார். தாராவியில் டீக்கடைக்காரருக்குக்கூடப் போட்டு, கேபின் செய்கிறவன் வீடு செய்தால் இப்படித்தான் என்றார். கடைசியாகத்தான் அம்மாருக்கு. அம்மார் ஒன்றும் வாதாடவில்லை. வருகிறேன் மாமா என்றான்.

மறுநாள் காலை மழை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் வந்தான். கூடவே கேஷவும் இன்னும் இரண்டு ஆட்களும். டெம்போவில் டிரைவர் பக்கத்திலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு ஜெயினுலாப்தீனும் இறங்கினார். பாய்க்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். மகன் போட்ட முதல் பேஸ்மெண்ட்டில் தண்ணீர் என்றதும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்திருந்தார். வெயிலுமுத்து அவரைப் பார்த்து, வாரும் பாய் என்றதோடு சரி. மற்றபடி முகம் கொடுக்கவில்லை.

ஈரக்கோட்டுக்கு நேராக வெளிப்பக்கம் தோண்டினார்கள். மண் சாந்து மாதிரி வந்தது. மார்பளவு பள்ளம் இறங்கியதும் அம்மார் ஷீட்டின்மேல் தண்ணீரை ஊற்றிக் கழுவினான். கறுப்பு ஷீட் பளபளவென்று தெரிந்தது. அதில் அவன் கை நின்றது.

ரெண்டு துளை, ஒட்டினாற்போல. அதற்கு நேர் கீழே ரெண்டேமுக்காலடி தள்ளி இன்னும் ரெண்டு. அதற்கும் கீழே தோண்டினால், அதே தூரத்தில் மறுபடியும் ரெண்டு. சுவரின் அடியில் லேசாகப் பதிந்து, பாதி அறுந்த நிலையில் நாலாவது ஜோடி.

பள்ளத்தின் விளிம்பில் நின்ற வெயிலுமுத்து ஓரடி பின்வாங்கினார். முதல் ஜோடியைக் கண்டதுமே அவருக்கு அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. கீழே உள்ளவை எப்படி வந்தன என்பதுதான் ஒரு கணம் பிடிபடவில்லை. ஒரு ஜோடிதானே போட்டோம்? பிறகு அதுவும் புரிந்தது. ரோல் என்பது சுற்றி வைத்த ஷீட். தோலை நாலாக மடித்துவைத்துப் பஞ்ச் அடித்தால் நாலு துளை விழும் என்பது பை தைக்கிறவனுக்கு முதல் நாள் பாடம். வாழ்க்கையில் ஆயிரம் தடவை அப்படி அடித்திருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை அவர் கண்ணுக்குத் தெரிந்தது திருடன் மட்டும்தான், சுற்றும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை.

கீழே அம்மார் கேஷவைத் திரும்பிப் பார்த்து, இது என்ன என்று இந்தியில் கேட்டான்.

"கேஷவ், யே க்யா ஹை?"

கேஷவ் குனிந்து பார்த்தான். விரலை விட்டுப் பார்த்தான். அவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆணி எதுவும் அடிக்கவில்லை, சாரம் கட்டும்போது கம்பி குத்தியிருக்கவும் முடியாது என்று மராத்தியிலும் இந்தியிலுமாகச் சொன்னான். அம்மா மேல் சத்தியம் செய்தான். அம்மார் சத்தம் போடவில்லை. ஒட்டுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டான். கேஷவ் தலையைக் குனிந்துகொண்டான்.

"கல் ஸே மத் ஆ," என்றான் அம்மார். நாளையிலிருந்து வர வேண்டாம்.

பிறகு முகத்தில் தெறித்த சேற்றை முழங்கையால் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தான்.

"என் தப்புதான் மாமா. இங்கன இப்படின்னா எல்லா எடத்துலயும் இப்படித்தான் இருக்கும். மூணு பக்கமும் தோண்டி, ஷீட்டு முழுசையும் கிழிச்சுட்டு, புதுசு ஒட்டித் தாரேன். மழைக்குள்ள பசை பிடிக்காது. தார்ப்பாய் கட்டி எப்படியாவது பண்ணிருதேன். அதுவரைக்கும் மெஷினெல்லாம் மேல ஏத்திக்கிடுங்க."

வெயிலுமுத்து வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பதினொன்றாவது பிரிவு அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தது. சும்மா நின்றால் போதும். மூன்று பக்கமும் புது ஷீட் வரும், பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் இருக்கும், எல்லாம் அவன் செலவில். குர்லா ஷெட் அதற்கப்புறம் இருக்குமா என்பது அவர் கவலை இல்லை. கேஷவ் கரண்டியையும் பசை டப்பாவையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஜெயினுலாப்தீன் குடையை மடக்கி ஊன்றி, மெதுவாகப் பள்ளத்தின் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையை நீட்டி மேல் ஜோடித் துளையைத் தொட்டார். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சுண்டுவிரல் நகத்தால் அளந்தார். சாயத்தில் ஊறி ஊறி இன்னும் நீலம் போகாத நகம். பிறகு நிமிர்ந்து வெயிலுமுத்துவின் சட்டைப் பையைப் பார்த்தார். பஞ்ச் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. பாய் முகத்தைத் திருப்பி, மலையில் இறங்குகிற மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாரீஸ்வரி டீ டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். அவளும் பள்ளத்தைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த ரெட்டைத் துளை விழுந்த மூலையை ஒதுக்கி ஒதுக்கித் தோல் வெட்டியவள் அவள்.

"ஏங்க," என்றாள். அவ்வளவுதான்.

தூறல் மறுபடியும் தொடங்கியது. கேஷவ் சாக்கைத் தோளில் போட்டான்.

"எல்லாத்தையும் கிழிக்காண்டாம்," என்றார் வெயிலுமுத்து. "மூணு எடந்தான்."

அம்மார் நிமிர்ந்தான். "எந்த மூணு எடம்?"

"ரோல் ஆரம்பிச்ச எடம். இது ஒண்ணு. நடுவுல ஒண்ணு. அந்தக் கடைசி மூலையில ஒண்ணு. ஒரு ரோலுக்கு மொதப் பட்டையில மட்டுந்தான் இருக்கும். பாக்கி எல்லாம் நல்லாருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

வெயிலுமுத்து சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து நீட்டினார். அம்மார் அதை வாங்கிப் பார்த்தான். ஷீட்டிலிருந்த துளையில் அதன் முனையை வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

"ஜும்ஆவுக்குப் போனேனே, அன்னைக்கா?"

"ஆமா."

"ஷெட்டைப் பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போனேன் மாமா."

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றார் வெயிலுமுத்து.

சொல்லி முடித்ததும் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவருக்கே தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி நிற்கலாம். அவர் திரும்பி, சாக்கோடு நின்றவனிடம் போனார்.

"கேஷவ், தேரா கல்தி நை. மேரா." உன் தப்பு இல்லை, என் தப்பு.

கேஷவ் நம்பாமல் அம்மாரைப் பார்த்தான். அம்மார் தலையசைத்தான். சாக்கு தோளிலிருந்து இறங்கியது.

மாரீஸ்வரி தட்டை நீட்டினாள். முதல் டம்ளர் கேஷவுக்கு. அப்புறம் பாய்க்கு, அம்மாருக்கு, ஆட்களுக்கு. கடைசி டம்ளரைத் தன் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துப் புருஷனிடம் கொடுத்தாள். வெயிலுமுத்து வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நடுச் சுவர்ப் பக்கம் போனார்.

அங்கே தோண்டத் தொடங்கிக் கால் மணி நேரம் இருக்கும். வெட்ட வெட்ட மண் வழுக்கிக்கொண்டு திரும்ப உள்ளேயே விழுந்தது. முழங்கால் தெறித்தது. மூன்று இடத்துக்கும் ரப்பர் ஒட்டுப் போட்டு, அதன்மேல் இன்னொரு பட்டை ஒட்டிவிட்டால் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று அம்மார் கேஷவிடம் சொல்வது கேட்டது. ஒட்டின் ஓரத்தை எப்படிச் சீவி மெலிதாக்கினால் தூக்காது என்பது வெயிலுமுத்துவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்து, கேட்டால் சொல்லலாம் என்று விட்டுவிட்டார்.

ஜெயினுலாப்தீன் குடையை விரித்துக்கொண்டு வந்து பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். டீயை உறிஞ்சினார்.

"மொத வருஷமே எனக்குத் தெரியும் வே," என்றார்.

வெயிலுமுத்து மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"உம்ம ரெட்டைத் துளைதான். எங்க பட்டறையில பயலுவ அதைப் பாத்துட்டு, வெயிலுமுத்து தோலுக்குக் காது குத்தி அனுப்பிருக்காருன்னு சிரிப்பானுவ. எனக்கு மொதல்ல கோவம் வந்துது. அப்புறம் அதுவே சௌரியமாப் போச்சு. பத்துப் பேரு தோலு ஒரே டிரம்முல கெடக்கும். உம்மது எதுன்னு தேட வேண்டாம்."

வெயிலுமுத்துவுக்கு முதுகு நனைந்திருந்தது. அது வேர்வையா மழையா என்று தெரியவில்லை.

"நீரு ஒரு வார்த்தை கேக்கலியே பாய்."

"என்னத்தக் கேக்க? கேட்டா நீரு தோலைக் குடுக்க மாட்டீரு." பாய் டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "ஒரு வாட்டி உம்ம தோலு ஒண்ணு டிரம்முல வெந்து சுருங்கிப் போச்சு. பய தண்ணியைக் கொதிக்க விட்டுட்டான். உம்மகிட்ட சொன்னா நம்புவீரா? மாத்திட்டேம்பீரு. அதனால அதைவிட நல்ல தோலா ஒண்ணு எடுத்து, சாயம் ஏத்தி, உம்ம ரெட்டைத் துளையை நானே போட்டுக் குடுத்தேன். நீரு வந்தீரு. துளையைத் தடவிப் பாத்தீரு. சரி பாய்ன்னு சுருட்டிக்கிட்டுப் போனீரு."

மண்வெட்டி அந்தரத்தில் நின்றது.

எந்த வருஷம்? எந்த ஆர்டர்? கறுப்பா, டேன் என்கிற பழுப்பா? வெயிலுமுத்துவின் மனசு பதினெட்டு வருஷத்துத் தோலையெல்லாம் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, மூலை மூலையாகத் தடவிப் பார்க்கத் தொடங்கியது. ஒன்றிலும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லாத் துளையும் ஒரே மாதிரி இருந்தது.

கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார். இரண்டு வெட்டு வெட்டினார். மூன்றாவது வெட்டுக்குக் கை எழவில்லை.

"பாய்," என்றார். "அது நெசமாவே நல்ல தோலுதானா?"

ஜெயினுலாப்தீன், தான் நனைவதைப் பொருட்படுத்தாமல், குடையை வெயிலுமுத்துவின் தலைக்கு மேலாகச் சாய்த்துப் பிடித்தார்.

"தோண்டும் வே," என்றார்.